பள்ளம் மூடினால் ஆய்வு கெடும்

சனிக்கிழமை காலை, ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், ஐம்பதை நெருங்கும் ஒருவர் மடியில் கருத்தரங்கப் பை ஒன்றை வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் தாள்களில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தால், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். தாளை எட்டிப் பார்த்தால் எல்லா வரியும் மஞ்சளாக இருக்கும். எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்தான் பகுதிநேர ஆய்வாளர். பொது நிர்வாகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். இப்போது கோர்ஸ் ஒர்க்கில் இருக்கிறார்.

கோர்ஸ் ஒர்க் என்பது, ஆய்வு செய்ய வந்தவருக்கு ஆய்வு செய்வது எப்படி என்று முதலில் சொல்லித் தரும் வகுப்பு. முறையியலுக்கு ஒரு தாள், ஆய்வு அறத்துக்கு ஒரு தாள், பாடத்துக்கு ஒரு தாள். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சமைக்க வந்தவர் முதலில் அடுப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் நான் சொல்லும் இனத்துக்கு அடுப்பைப் பற்றிக் கேட்டதிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அதற்குப் பிரச்சினை என்று எதுவும் கிடையாது, ‘இடைவெளி’தான் உண்டு. மனிதர்கள் கிடையாது, ‘பங்குதாரர்கள்’ உண்டு. மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் நீங்களும் நானும் வேட்டியைத் தூக்கிக் கட்டுவோம். அவர் ‘ஒருங்கிணைப்பின்மை’ என்று சொல்லிவிட்டு, அதே தண்ணீரில், நம்மைவிடக் கொஞ்சம் நிம்மதியாக நடப்பார். மாமல்லபுரத்தில் கருத்தரங்கம் என்றால் முதல் ஆளாகப் போய்ப் பையும் பேனாவும் வாங்கிக்கொள்வார். மதிய உணவுக்குப் பிறகு எல்லோரும் அந்த உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் மட்டும் தள்ள மாட்டார். சற்றுத் தள்ளி நின்று, அது ஏன் நகரவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தீனதயாளனை எடுத்துக்கொள்வோம்.

தீனதயாளன் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். வாசலில் கருப்புக் கல்லில் பெயர்ப்பலகை. பலகை அகலமானது, பெயர் மட்டும் வலது ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். கல் வெட்டியவர் தவறு செய்துவிட்டார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். தவறு இல்லை. இடது பக்கம் ‘முனைவர்’ வர வேண்டும். அதற்குத்தான் அந்த இடம்.

வீட்டுக்குள் அவருடைய மனைவி காயத்ரி.

“கேஸ் புக் பண்ணீங்களா?”

“புக் பண்றது பிரச்சினையே இல்ல காயத்ரி. புக் பண்ற பொறுப்பு யாருதுன்னு இந்த வீட்ல இன்னும் வரையறுக்கப்படல. கோர்ஸ் ஒர்க்ல எங்க சார் இதைத்தான் போன வாரம் சொன்னாரு.”

“இப்ப வரையறுத்துட்டேன். உங்களுது. போன எடுங்க.”

அவர் போனை எடுத்தார். ஆனால் முதலில், ‘மேலிருந்து கீழ் நோக்கிய அணுகுமுறை’ என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்.

பிழைப்புக்கு அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். திருப்போரூருக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தாளுக்கு ஒரு கட்டுரை எழுதி, செமினாரில் படிக்க வேண்டும் என்றார்கள். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு: பொதுச் சேவைகளில் தாமதம், ஒரு நேர்வு ஆய்வு. நேர்வு என்றால் உண்மையில் நடந்த ஒன்று. அதைத் தேடி அவர் அலையவில்லை. தன் மேசையைப் பார்த்தார்.

திருப்போரூரில் ஒரு தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். வெட்டியவர்கள் போய்விட்டார்கள். பள்ளத்தை மூட வேண்டிய சிமெண்ட் பலகைகள் அலுவலகத்தின் பின்கட்டில் தயாராகக் கிடந்தன. அவற்றின்மேல் ஆடுகள் படுத்துக்கொண்டிருந்தன. பலகைகளை அனுப்பலாம் என்று கண்காணிப்பாளர் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் தாமதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு இவ்வளவு முழுமையான தாமதம், இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வசதியாக இன்னொரு முறை கிடைக்குமா?

அவர் சோம்பேறி இல்லை. லஞ்சம் வாங்குகிறவரும் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பள்ளத்துக்காக அவர் உழைத்த உழைப்பில் நான்கு தெருப் பள்ளங்களை மூடியிருக்கலாம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேண்டா என்பவளின் டிபன் கடை. கடைக்கு வருகிறவர்கள் தாண்டி வர வேண்டும்; இட்லித் தட்டோடு தாண்டிப் போக வேண்டும். இளவட்டங்கள் தாண்டினார்கள். முழங்கால் வலிக்காரர்களும் கோயிலுக்கு வந்த குடும்பங்களும் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. முருகனுக்குக் காவடி எடுக்க ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும் அந்த ஒரு நாளை நம்பித்தான் வேண்டாவின் பாதி வருஷம் ஓடும். அதற்குள் பள்ளம் மூடியாக வேண்டும். கட்டுரையைப் படிக்கும் செமினாரோ கிருத்திகைக்கு அடுத்த வாரம். அதுவரை பள்ளம் மூடாமல் இருந்தாக வேண்டும்.

தீனதயாளன் ஒரு நாள் காலை, கேள்வித்தாளோடு பள்ளத்தைத் தாண்டினார்.

“வா சார், பாத்து தாண்டு. நேத்து ஒரு ஆளு தட்டோட உள்ள பூட்டான். இன்னா வோணும்?”

“சாப்பிட வரலம்மா. இந்தப் பள்ளத்தைப் பத்தி ஓர் ஆய்வு. முதல்ல இதைப் படிச்சுக் காட்டிடறேன். இந்த ஆய்வில் தாங்கள் விருப்பத்தின் பேரில் பங்கேற்கிறீர்கள். எந்த நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமல் விலகிக்கொள்ளலாம்.”

“இன்னாத்துக்கு வெலகணும்? வெட்டிட்டுப் போனதுலேர்ந்து எவனும் எட்டிப் பாக்கல. நீதான் வந்து கேக்கிற. நீ கேளு சார்.”

“பள்ளத்தால உங்களுக்கு ஏற்பட்ட அதிருப்தியை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள ஒரு எண்ணாச் சொல்லணும். ஐந்துன்னா ரொம்ப அதிகம்.”

“அஞ்சு வரிக்கும்தான் கீதா?”

“அவ்வளவுதாம்மா.”

“அப்ப அஞ்சு போட்டுக்கோ. அடுத்த வாட்டி பத்து வச்சினு வா.”

பெஞ்சில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சுப்பிரமணி திரும்பினார். “அண்ணாத்த, இத்த மூடறதுக்கா எழுதிகினு கீற?”

“இல்லைங்க. ஏன் மூடலன்னு எழுதறேன்.”

“எழுதி முடிச்சா மூடிடுவாங்களா?”

“அது பரிந்துரைகள் பகுதியில வரும்.”

சுப்பிரமணி பூரிக்குத் திரும்பினார். அவரையும் தீனதயாளன் பதிலாளராகச் சேர்த்துக்கொண்டார். வேண்டா தீனதயாளனுக்குக் காசு வாங்காமல் ஒரு காபி கொடுத்தாள். தன் பேச்சை ஓர் அரசாங்க மனிதர் வரி வரியாக எழுதிக்கொள்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

அலுவலகத் தரப்பையும் கேட்காவிட்டால் ஆய்வு ஒருபக்கச் சார்பாகிவிடும். தாமதம் நிற்கும் மேசையில் இருப்பவரைப் பேட்டி காண வேண்டும். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒப்புதல் வாசகத்தைத் தனக்குத்தானே படித்துக் காட்டி, தானே சம்மதித்து, கேள்விகளைக் கேட்டுப் பதில்களையும் எழுதினார். கட்டுரையில் அது ‘பதிலாளர் மூன்று: இடைநிலை அலுவலர், பெயர் வெளியிட விரும்பவில்லை’ என்று வந்தது. ஆய்வு அறம் என்ற தாளில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கியவர். பதிலாளரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

வரைவைச் செங்கல்பட்டில் தன் நெறியாளர் ரங்கநாயகியிடம் கொண்டுபோனார். அந்த அம்மாள் பல பகுதிநேர ஆய்வாளர்களைப் பார்த்தவர். மெதுவாகப் படித்தார்.

“மூணாவது பதிலாளர் ரொம்ப மனசு விட்டுப் பேசியிருக்காரே. எப்படிச் சம்மதிச்சார்?”

“நெருங்கின பழக்கம், மேடம்.”

“கையெழுத்துப் போட ஏன் தாமதம்னு அவரையே கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம். அமைப்பு சார்ந்த காரணம்னாரு. அலுவலர்கள் உயர்கல்வி படிக்கறதால பணிச்சுமைன்னும் ஒண்ணு சொன்னாரு.”

ரங்கநாயகி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கட்டுரையில குறை இல்ல. அவரைப் பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

தீனதயாளனுக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சி. ஒரு காரியம் ஏன் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வதில், காரியத்தைச் செய்து முடித்ததுபோன்ற ஒரு நிறைவு இருக்கிறது. சில சமயம் அது அதைவிட ருசியானது. செய்து முடித்த காரியத்தைப் பற்றிப் பேச அதிகம் இருப்பதில்லை அல்லவா?

கிருத்திகைக்கு முந்திய வாரம், இரண்டாம் கட்டப் பேட்டிக்காக மறுபடி பள்ளத்தைத் தாண்டினார்.

“சார், கிருத்திகைக்குள்ள மூடிடுவாங்களா? நாலு அண்டா சாம்பாருக்குச் சொல்லிக்கீறேன். ஜனம் எப்பிடி இந்தாண்ட வரும்?”

ஆய்வில் பங்கேற்பவரிடம் பொய் சொல்லக் கூடாது. அது அறத்தாளின் முதல் அலகு. ஆகவே தீனதயாளன் உண்மையைச் சொன்னார்.

“செமினார் முடியட்டும்மா. அதுக்கு முன்னாடி மூடிட்டா ஆய்வு கெட்டுரும்.”

வேண்டாவின் கரண்டி தோசைக்கல்லில் அப்படியே நின்றது.

“அப்ப மூடறது ஒங் கைல கீதா?”

“நிர்வாக ரீதியாப் பாத்தா, முடிவெடுக்கிற அதிகாரம்ங்கறது பல அடுக்குகள்ல…”

“கீதா, இல்லியா?”

“கீது” என்றார் தீனதயாளன். அவரும் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான். கோர்ஸ் ஒர்க் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை.

தோசை தீய்ந்தது. வேண்டா அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“அன்னிக்கு ஒண்ணு படிச்சியே. எப்ப வோணா வெலகிக்கலாம்னு. படிச்சியா இல்லியா?”

“படிச்சேன்.”

“நா வெலகிட்டேன்.”

“அம்மா, நீங்கதான் முக்கியமான பதிலாளர். நீங்க இல்லன்னா ஆய்வே இல்ல…”

“என்னியும் அடிச்சிடு அண்ணாத்த” என்றார் பெஞ்சிலிருந்து சுப்பிரமணி.

“காரணம் சொல்லணுமா?” என்று கேட்டாள் வேண்டா.

“தேவையில்லை” என்றார் அவர், விதிப்படி.

“நல்லதாப் போச்சு. சொன்னா நீ தாங்க மாட்ட. தள்ளி நில்லு சார், ஆளுங்க தாண்டணும்.”

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். விலகியவர்களின் பதில்களைப் பயன்படுத்தக் கூடாது. வேறொருவராக இருந்தால் பயன்படுத்தியிருப்பார். தீனதயாளன் நேர்மையானவர், ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியது பதிலாளர் மூன்று மட்டும். தன்னை மட்டும் பேட்டி கண்ட ஆய்வை எந்தச் செமினாரில் படிப்பது?

காலையில் அது ஒரு நேர்வு; தரவு; இடைவெளி. இப்போது வெறும் பள்ளம். வெறும் பள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேசையில் இருந்த டீ ஆறக்கூட இல்லை. மறுநாள் ஆடுகளை எழுப்பிவிட்டுப் பலகைகளை ஏற்றிப் போனார்கள்.

கிருத்திகையன்று அந்தப் பலகைகளின்மேல் காவடிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தட்டோடு நின்றார்கள். எங்கே பள்ளம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் தீனதயாளனும் நின்றார். வேண்டா பார்த்துவிட்டாள்.

“இன்னா சார், இன்னிக்கு கேள்வி ஒண்ணியும் இல்லியா?”

“ஒண்ணே ஒண்ணும்மா. இப்ப உங்க திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள…”

“வட சூடா கீது. துன்னுட்டுப் போ.”

துன்னுட்டுத்தான் போனார். நல்ல வடை. ஆனால் ரயிலில் மஞ்சள் பேனாவை எடுத்துவிட்டார் என்று கேள்வி. செமினாருக்கு ஒரு தவணை கேட்டிருக்கிறாராம். புதிய தலைப்பு, நின்றுபோன ஒரு பணி திடீரென்று ஏன் முடிந்தது என்பது. பதிலாளர் மூன்று இந்த முறையும் ஒத்துழைக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் எந்தப் பட்டத்துக்கும் பதிவு செய்யவில்லை. மஞ்சள் பேனா உங்களிடம் இல்லை. ஆனால் உங்கள் ஒரு கையெழுத்துக்காக, ஒரு போனுக்காக, ஒரு ‘சரி’க்காக எங்கோ ஒருவர் தட்டோடு பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறார் இல்லையா? இருக்கிறார்; இந்த வரியைப் படித்ததும் அவர் முகம் உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டால் விளக்கம் சொல்வீர்கள். தெளிவாக, கோவையாக, உங்கள்மேல் குற்றமே இல்லாமல். அந்த விளக்கத்தைச் சொல்லி முடித்ததும் மனதுக்கு ஒரு நிறைவு வருகிறதா?

வந்தால், ஒரு நிமிஷம் வாசலுக்குப் போய் உங்கள் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் எத்தனை விரல் இடம் விட்டிருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு வாருங்கள்.