பெரிய அரை, சின்ன அரை

தேங்காயைச் சரிபாதியாக உடைக்க யாராலும் முடியாது. சட்னி அரைக்கிற வீட்டில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் இருபத்தேழு வயதில், வேலை கேட்டுப் போன இடத்தில், முப்பத்திரண்டு குழந்தைகள் முன்னால்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். தினமும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி போய்வந்ததில், நான் பிறந்ததே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரத்தான் என்று தோன்றிவிட்டது. (ஒற்றைக் காலில் நிற்பவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.) தபாலில் பி.எட். முடித்த கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். அன்றோடு அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். நானும் சளைக்காமல் அம்மாவிடமே பதில் சொல்வேன். நடுவில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டு மாதத்தில் நாலு பள்ளிக்கூடங்கள் என்னை அழகாகச் சிரித்து அனுப்பிவைத்தன. ஐந்தாவதாக மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளியில் இருந்து கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குப் பின்னங்கள், அரைமணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இதுவும் கிடைக்காவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று அப்பாவுக்கு, அம்மா வழியாக, வாக்குக் கொடுத்தேன்.

பாடப் புத்தகத்தில் பின்னத்துக்குப் பீட்சா படம் போட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு நம் வீட்டுச் சாமான்களை வைத்தல்லவா சொல்லித்தர வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அரைக்குத் தேங்காய். மூன்றில் ஒன்றுக்கு மூன்று வாழைப்பழம். நடு நரம்பில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பொருந்தும் என்பதால் வெற்றிலை. கோயில் குளத்தருகே தேங்காய்க் கடை வைத்திருந்த அம்மாள், "சாமிக்கா நைனா, சட்னிக்கா?" என்று கேட்டாள். பாடம் நடத்த என்றேன்.

"பாடத்துக்கா? அதுக்கு இன்னா காய் குடுக்கறது?" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இருப்பதிலேயே லட்சணமாக, குடுமியோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சட்னிக்கு என்று சொல்லியிருந்தால் குடுமியைப் பிய்த்துவிட்டுத் தந்திருப்பாள். நானும் பிழைத்திருப்பேன்.

காலையில் அம்மா எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, பழத்தைக் கால் காலாக நறுக்கக் கத்தியும் வைத்து, நல்லபடியாக நடக்க வேண்டும் என்று என் நெற்றி நிறைய விபூதி பூசினார். அந்தப் பள்ளியில் வகுப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆக, நெற்றியில் பட்டை, வெறுங்கால், கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், வெற்றிலை. என் கண்ணுக்கு அது அரை, கால், மூன்றில் ஒன்று. பிள்ளைகள் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று ஒரு விநாடிகூட நான் யோசிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. என் ஆளுமை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில், மடியில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். இளநீல நிறத்தில் பட்டுப் புடவை. "ஒரு முழுப் பொருளைச் சமமாக இரண்டாக்கினால் என்ன கிடைக்கும்? இப்போது பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, வாசற்படிக் கல்லில் தேங்காயை ஓங்கி ஒரு போடு போட்டேன்.

அதே நொடியில் பீரியட் மணி அடித்தது.

முன் வரிசை எழுந்து, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற வரிசைகளும் எழுந்தன. ஒரு பையன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் மேலும் கீழுமாகப் போய்வந்தது. தலைமையாசிரியையும் கைகூப்பியபடி நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகுதான் தான் யார், இது எந்த இடம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மெதுவாக உட்கார்ந்தார். தேங்காய்த் தண்ணீர் அவர் புடவையிலும் மதிப்பெண் தாளிலும் சரிபாதியாகத் தெறித்திருந்தது. அன்று நான் சரியாகப் பங்கிட்டது அது ஒன்றைத்தான்.

உடைந்த மூடிகள் இரண்டையும் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். பிரசாதம் என்றது வகுப்பு. இல்லை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்றேன். முன் வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பெண், யாழினி என்று பெயர், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அது பெரிய மூடி, இது சின்ன மூடி சார்."

"ரெண்டுமே அரைதாம்மா."

"அப்ப எனக்குப் பெரிய அரை குடுங்க."

அவ்வளவுதான். எனக்கும் பெரிய அரை, எனக்கும் பெரிய அரை என்று வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. அரை என்றால் அரைதான், அதில் பெரிசு சின்னது கிடையாது என்று நான் சத்தியம் செய்யாத குறை. கையில் ஒரு பெரிசையும் ஒரு சின்னதையும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவனை யார் நம்புவார்கள்? பின் வரிசையில் ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். பெருங்குடி பஸ் என் கண்முன்னால் வந்து நின்றது.

அப்போது தலைமையாசிரியை எழுந்து வந்து, என்னிடம் கையை நீட்டிக் கத்தியை வாங்கினார். தரையில் உட்கார்ந்து தேங்காயைக் கீறி எடுத்தார். எல்லோருக்கும் ஒரே அளவாக, விரல் அளவுத் துண்டுகள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தார்கள். சின்ன மூடியில் பதினாலு துண்டு வந்தது. பெரிய மூடியில் பதினெட்டு. ஆளுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று.

யாழினி தன் துண்டை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. விரல்விட்டு ஏதோ எண்ணினாள்.

"ரெண்டுலயும் பதினாறு வந்திருந்தாதான் சார் அரை. நீங்க சொன்னது தப்பு."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "புரிஞ்சுதா சார்?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு குழந்தைக்குக் கணக்கு பிடிபடுகிற நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கிறேன். இதற்காகத்தானே வேலையை விட்டேன்.

அவர் அறையில், நனைந்த மதிப்பெண் தாளை விசிறிக் காயவைத்துப் பார்த்தார். மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. "பசங்க நல்லாச் சொல்லிக்கொடுத்தாங்க, இல்ல?" என்றார். பிறகு, முழுசாகக் கொடுக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்றும், மூன்று மாதம் காலை நேரத்துக்கு மட்டும், அரை நாள் வரலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தோப்புக்கரணம் வரும்போது தாள் லேசாக ஆடியது. தலைமையாசிரியை பாதி எழுந்த இடத்தில் நன்றாகவே குலுங்கியது. கடைசியில், அரை நாள் வேலைதான் கிடைத்தது என்று சொல்லி முடித்தேன். தாள் கீழே இறங்கியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பா நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"பெரிய அரையாடா, சின்ன அரையா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த அரை முழுசாயிற்று. இன்றும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். பின்னப் பாடத்துக்குச் சப்பாத்தி எடுத்துப் போகிறேன். அப்பாவுக்கு இப்போது டாக்டர் காபியைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தினமும் காலையில் அம்மா டம்ளரை நீட்டியதும் அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு வாத்தியாரைக் கூப்பிடு" என்பார். பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நான் வந்து, டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

"பெரிய அரைதான்ப்பா."