கோவர்த்தனனின் முதுகு

மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று கோவர்த்தனன் தீர்மானம் செய்தது வலி தாங்காமல் அல்ல. ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வலியெல்லாம் ஓடிப்போன பிறகுதான்.

முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவி நரம்பை அமுக்கியிருந்தது. திருப்பதியில் ஓர் ஆசுபத்திரியில் அதைச் சரி செய்தார்கள். டாக்டர் சீட்டை நீட்டி அனுப்பிவிடுகிற ரகமில்லை. காகிதத்தில் எலும்புப் படம் போட்டு அரை மணி நேரம் தெலுங்கில் விளக்கினார். விளங்கிற்றா என்று பார்க்க, திருப்பிச் சொல்லச் சொன்னார். கோவர்த்தனன் பிசிறில்லாமல் ஒப்பித்தான். தினம் நடக்க வேண்டும். பதினைந்து நாள் போனால் வீட்டு வேலை செய்யலாம். மெல்ல மெல்லத் தண்ணீரும் சேந்தலாம். படுத்தே கிடந்தால் முதுகு கட்டையாகிவிடும்.

"திருப்தியா?" என்றார் டாக்டர்.

"பூரண திருப்தி சார்."

ஆண்கள் பக்கத்துக்குள் பெண்களை விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவன் மனைவி வெங்கடலட்சுமி காத்திருந்தாள். டாக்டருக்கும் அவளுக்கும் நடுவே நாற்பது அடி. அந்த நாற்பது அடியில் வைத்தியம் தலைகீழாயிற்று.

"இன்னா சொன்னாரு டாக்டரு?"

"மூணு மாசம் கட்டிலு. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தண்ணி சேந்தக்கூடாது."

"துன்றதுக்கு?"

"ஆட்டுக்கால் சூப்பு. வாரத்துக்கு ரெண்டு தபா."

"அதையும் டாக்டரா சொன்னாரு?"

"மொதல்ல அதைத்தான் சொன்னாரு. இன்னொண்ணு கேளுமே. யாராச்சும் எதுத்துப் பேசினா எனக்கு நரம்பு சுருங்கிடுமாம்."

வெங்கடலட்சுமி எதிர்த்துப் பேசவில்லை.

வடமாலபேட்டை வீட்டில் கட்டில் வாசலோரம் வந்தது. மாட்டுக்கு, வீட்டுக்கு, மிளகாய்ப் பாத்திக்கு என்று அத்தனை தண்ணீரையும் அவளே இழுத்தாள். படித்தவர்கள் இதற்குப் பதிபக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளாவது கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை எங்கே என்று இரண்டு சர்க்காரும் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டிலைச் சுற்றித் தினமும் கூட்டம். படுத்தபடியே கோவர்த்தனன் திருத்தணியை மதராஸுக்குத் தள்ளுவான். புத்தூரைப் பிடித்து இழுப்பான். நான்கு தாலுக்காவைத் தூக்கினவனுக்குச் சொம்பு மட்டும் கனத்தது.

ஒரு நாள் சித்தூரில் எல்லைக் கூட்டம். பஸ் ஏறிப் போய், நின்றபடி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினான்.

"கட்டில்ல கெடக்கணும்னியே?"

"சித்தூருக்குப் போவக்கூடாதுன்னு டாக்டரு சொல்லலையே!"

அந்த வாரம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கும் முடியலய்யா. என்னியும் ஒருத்தருகிட்ட காட்டேன்."

"பொம்பளைங்கன்னா இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஒனக்கு வந்தது வலி. எனக்கு வந்தது கேஸுமே!"

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி திருப்பதி. டாக்டர் அவன் முதுகைத் தட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு இறுகியிருக்கிறதே, சொன்னபடி வேலை செய்கிறீரா என்று கேட்டார். "ஓயாமல் செய்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"இன்னா சொன்னாரு?"

"இன்னும் மூணு மாசமாம்!"

வெங்கடலட்சுமி எழுந்தாள். "ஒக்காரு. பொம்பளைங்க பக்கம் டாக்டரம்மா இருக்காங்களாம். காட்டிட்டு வரேன்."

பெண்கள் பக்கம் ஆண்களை விடுவதில்லை. அவள் இருந்த வேப்பமரத்தடியில் இப்போது அவன். ஒரு மணி நேரம் கழித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"இன்னாமே சொன்னாங்க?"

"ஒனக்கு வந்த அதே கேஸாம். மூணு மாசம் கட்டிலு."

"ஆங்?"

"குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தண்ணி சேந்தக்கூடாது. ஆட்டுக்கால் சூப்பு வாரத்துக்கு ரெண்டு தபா."

"எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க!"

"ஏன், ஒன் டாக்டரு சொன்னாரே?"

"அது... அது ஆம்பளை முதுகு!"

"எலும்புல ஆம்பளை எலும்பு, பொம்பளை எலும்புன்னு கீதா? எதுத்துப் பேசாதய்யா. எனக்கு நரம்பு சுருங்குது."

"இருக்கிறது ஒரு கட்டிலு! ரெண்டு பேரும் படுத்துக்கினா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?"

"அதான் நானும் ரோசனை பண்றேன்."

கோவர்த்தனனுக்குப் பொறுக்கவில்லை. "படுத்துக்கினே கெடந்தா முதுகு கட்டையாப்பூடும்மே! நடக்கணும், வேலை செய்யணும், தண்ணி சேந்தணும்! டாக்டரு படம் போட்டுச் சொன்னாரு!"

"எந்த டாக்டரு?"

"என் டா..."

பாதியில் நிறுத்திப் பிரயோஜனமில்லை. மரத்தடியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ ஒன் டாக்டரு சொன்னதை நீ செய்யி. என் டாக்டரம்மா சொன்னதை நான் செய்யறேன்" என்றாள் அவள்.

மறுநாள் முதல் கிணற்றுக் கயிறு அவன் கையில், கட்டில் அவளுக்கு. எல்லைக் கூட்டத்தார் வந்தால் கிணற்றடிக்கே போய்ப் பேசினார்கள். ஆட்டுக்கால் சூப்பையும் அவனே காய்ச்சினான். ஒரு மாதத்தில் அவன் முதுகு இறுக்கம் விட்டு வில்லாய் வளைந்தது. அடுத்த தடவை டாக்டர் தட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். "நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறீர். திருப்தியா?"

கோவர்த்தனன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பெண்கள் பக்கத்துக் காவல்காரி சந்திரம்மா வெங்கடலட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒன் நல்ல காலம், டாக்டரம்மா ரெண்டு மாச லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வந்தாங்க. போன தபா பாவம், ஒரு மணி நேரம் வெறும் பெஞ்சியில ஒக்காந்துட்டுப் போனியே."

கோவர்த்தனனின் வாய் திறந்தது. அதற்குள் வெங்கடலட்சுமி உள்ளே போய்விட்டாள். அவனும் பின்னாலேயே ஓடினான். சந்திரம்மா குறுக்கே கோலை நீட்டினாள்.

ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றான். அவள் வந்தாள்.

"இன்னிக்கு நெசமாவே பாத்தியா? இன்னா சொன்னாங்க?"

"பாத்தேன்யா. அன்னிக்கு நான் சொன்னதையேதான் சொன்னாங்க."