ஒரே ஒரு தடவை பூப் போடுங்கள், அக்கா

அம்பிட்டிய,
புதன்கிழமை.

என்றும் என் வணக்கத்துக்குரிய ரத்தினம்மா அக்காவுக்கு,

தம்பி சுதேஷ் எழுதுவது. நான் சுகம். மடுல்கெல்லவில் மழையும் அத்தானின் முழங்கால் வலியும் குறைந்திருக்கப் பிள்ளையார் அருள் செய்வாராக. போனில் பேசினால் முதல் வரியிலேயே நீங்கள் குறுக்கே வந்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

எனக்கும் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான டீச்சர் சீதாவுக்கும் கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறீர்கள். வெள்ளைப் பூ வந்தால் சீதா. சிவப்பு வந்தால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடுகண்ணாவை ஊர்க் கடைக்காரர் மகள். சாமி காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, நேற்று எட்டாம் வகுப்பில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டுவிட்டது! அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று நிகழ்தகவு தொடங்கினேன். ஒரு காரியம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும் பாடம். நாணயத்தைச் சுண்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், அதனால் உங்களை நினைத்துக்கொண்டு ஒரு சிவப்புச் செவ்வரத்தம் பூவையும் ஒரு வெள்ளை நந்தியாவட்டையையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து மேசையில் வைத்தேன். வகுப்பே துள்ளி எழுந்தது! வந்தவர்கள் எல்லாரும் வெள்ளையையே எடுக்க, எனக்கு ஒரே பரவசம். பிறகு பார்த்தால் செவ்வரத்தம் பொட்டலம் உப்பிக்கொண்டு நிற்கிறது, எல்லாரும் மெலிந்த பொட்டலமாகப் பார்த்து எடுக்கிறார்கள். "ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் வாய்ப்பு சமம்" என்று சொல்லி, இரண்டு பூவிலும் ஒரே ஒரு இதழை மட்டும் கிள்ளி மடித்தேன்.

அதற்குள் சத்தம் கேட்டு உப அதிபர் பொன்னுத்துரை ஐயா வந்தார். பூவைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு நெடுநாளாகக் காத்திருப்பவர். "வெள்ளையெண்டால் மாற்றம் வரும், என்ன தம்பி?" என்று கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு! "நான் வடிவா நினைக்கேல்ல, இன்னொருக்கா எடுக்கிறன்" என்றார். மறுபடியும் சிவப்பு. அடுத்ததில் வெள்ளை வந்ததும் "பாத்தியளே!" என்று சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

உடனே முன்வரிசை ஜெயராணி எழுந்தாள். "எங்க அம்மாவும் அப்பிடித்தான் சேர். வேணுங்கிற பூ வர்ற வரைக்கும் போடுவாங்க. அப்பிடிப் போட்டா எது வேணும்னாலும் வந்துருமே!"

தூக்கிவாரிப்போட்டது எனக்கு! இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதானே இத்தனை வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்! வெண்கட்டியை எடுத்துப் பலகையில் போட்டுக் காட்டினேன். ஒரு தடவை போட்டால் சிவப்பு வர அரைவாசி வாய்ப்பு. இரண்டு தடவை போட்டால் ஒன்றிலாவது சிவப்பு வர முக்கால். மூன்று என்றால் எட்டில் ஏழு! பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கொண்டாட, நான் மட்டும் வியர்த்துப்போனேன். ஏனென்றால் அத்தான் த்ரீவீல் வாங்கக் கேட்டபோது நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளை வந்ததும் "பிள்ளையாரு இன்னும் முழிக்கல" என்று சொல்லிச் சிவப்பு வரும்வரை போட்டீர்களே! அத்தான் இன்றைக்கும் பஸ்ஸில்தான் தொங்குகிறார். எனக்கும் அதே கதிதானா?

காலில் விழுந்து கேட்கிறேன், ஒரே ஒரு தடவை. முதலில் வரும் பூதான் முடிவு. இரண்டாம் தடவை போடுவது கணக்குக்கும் அடுக்காது, சாமிக்கும் அடுக்காது. சீதா இல்லாமல் என்னால் இருக்க முடியாது அக்கா, ஆனாலும் அந்த அரைவாசி வாய்ப்புக்குக் கட்டுப்படுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் ஆசீர்வாதம் எட்டில் எட்டாக எனக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாசத் தம்பி
சுதேஷ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சீதாவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டிலும் போன மாதம் எனக்காகப் பூக்கட்டிப் பார்த்தார்களாம். முதல் தடவை சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. "சாமிக்குச் சரியா கேக்கல, நானே எடுக்கிறேன்" என்று வெள்ளை வரும்வரை எடுத்தவள் அவள்தானாம்! எத்தனை தடவை என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆகையால் அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சிவப்பு வந்தால் பிள்ளையார் இன்னும் முழிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் போடுங்கள். நந்தியாவட்டை ஒரு கூடை நிறையக் கொண்டுவருகிறேன்.