ஒன்பது வருஷக் காலண்டர்

பன்னிரண்டு மாதக் காலண்டரை ஒன்பது வருஷம் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் சங்கரன்கோவிலில், எங்கள் சாயப்பட்டறையில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, ஊருக்கு அவர் ‘தள்ளிநில் அண்ணாச்சி’.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சீட்டு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். சாயம் ஏறிக் காய்ந்த நூல்கட்டு ஒவ்வொன்றிலும் கலரும் தேதியும் எழுதிக் கட்ட வேண்டும். கலரைச் சொல்கிறவர் சாய மாஸ்டரான அண்ணாச்சி. தேதியைச் சொல்வது சுவரில் தொங்கிய காலண்டர். இரண்டுமே அவர் ஆதிக்கத்தில் இருந்ததுதான் என் தலையெழுத்து.

சாயப்பொடி விற்க வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போன காலண்டர் அது. மாதத்துக்கு ஒன்றாக, உலகம் முழுக்கக் கொண்டாடுகிற ஓவியங்கள். படத்துக்கு அடியில் ஏதோ ஒரு பாஷையில் இரண்டு வரி இருக்கும். எங்களில் யாருக்கும் வாசிக்க வராது. “யாரு வரைஞ்சது அண்ணாச்சி?” என்று கேட்டால், “எவனோ நம்மள மாதிரி ஒரு சாயக்காரன்” என்பார். அதற்கு மேல் அவருக்குத் தகவல் தேவைப்படவில்லை.

அவருக்கு ஒரு விதி உண்டு. படத்தைப் பார்த்து முடிக்காமல் தாளைப் புரட்டக் கூடாது. காலண்டருக்கு எதிரே ஆறடி தள்ளித் தரையில் நீலச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். யார் வந்தாலும், “தள்ளி நில்லும் வே. கிட்டப் போனா சாயம்தான் தெரியும். தள்ளி நின்னாத்தான் படம் தெரியும்” என்று அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவார். தபால்காரர் அதில் நின்றிருக்கிறார். முதலாளியே நின்றிருக்கிறார். முதலாளியின் மச்சினன் மட்டும் ரொம்ப மரியாதையாக இன்னும் நாலடி தள்ளி நிற்கப் பார்த்து, ஆறவைத்திருந்த பச்சைச் சாயத் தொட்டியில் காலை விட்டுவிட்டார். அந்த வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அவர் ஒரு கால் கறுப்பும் ஒரு கால் பச்சையுமாக வந்து சாமி கும்பிட்டதை ஊரே பார்த்தது.

ஜனவரியில் ஒரு அம்மாள், சிரிக்கிறாளா இல்லையா என்று சொல்ல முடியாதபடி உட்கார்ந்திருப்பாள். நான் சிரிக்கிறாள் என்றேன்.

“மூஞ்சிய விடும். கையப் பாரும். ஒண்ணுமேல ஒண்ணா எப்படிப் போட்டிருக்கா. அடுப்படி வேலையெல்லாம் முடிச்சுட்டு ஒரு நிமிசம் உக்காந்த கை வே அது. அந்த நிம்மதிதான் மேல ஏறி உதட்டுல வந்து நிக்கு.”

“கலரே இல்லையே அண்ணாச்சி. பூராவும் பழுப்பா இருக்கு.”

“சிகப்பு போட்டா சிரிப்பு சத்தமாயிரும்.”

அந்த அம்மாளைப் பார்த்து முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. நானும் காலண்டரை நம்பி ஜனவரி என்றே எழுதிக் கட்டினேன். நூல் வாங்கிப் போன தறிக்காரர் ஒருவர் சீட்டோடு வந்து, “ஏன்வே, ஒங்க பட்டறையில மட்டும் ஜனவரிக்கு எத்தன நாளு?” என்று கேட்டார். ஜனவரி சீக்கிரம் முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரி பதினோரு மாதம் ஓடியது.

பிப்ரவரியில், ஒரு பாலத்தில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பான். அண்ணாச்சி அதில் கோட்டைத்தான் பார்க்கச் சொன்னார்.

“பாலம் நேர்கோடு. வானம் பூரா வளைவு. இவன் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு வளைஞ்சு போயிட்டான். எல்லாரும் இவன் கத்துதான்னு சொல்லுதாங்க. எனக்கு என்னமோ வானம்தான் கத்துத மாதிரி இருக்கு. அது தாங்காமத்தான் இவன் காதப் பொத்துதான்.”

தறி ஓட்டுகிற ஒருவன் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி கோட்டில் வந்து நின்று பார்த்துவிட்டு, “இவனுக்கும் கடவாப்பல்லுதான் அண்ணாச்சி” என்றான். நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அரை நாள் யோசித்துவிட்டுச் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, “இருக்கலாம்” என்றார்.

இன்னொன்றில் வானம் முழுக்க நீலம் சுழன்று சுழன்று ஓடும், நடுவில் நட்சத்திரங்கள் எரியும். “இது ராத்திரிப் படமில்ல, காத்துப் படம். ஆடி மாசம் நம்ம ஊருல அடிக்குதுல்லா, அந்தக் காத்து” என்றார். “நீலத்துக்குப் பக்கத்துல வச்சதுனாலதான் அந்த மஞ்சள் எரியுது. தனியா வச்சா அது எலுமிச்சம்பழம்.” அதை எப்படி வரைந்திருப்பான் என்று அறிய, நீலத் தொட்டியில் கம்பை விட்டு ஒரு பகல் பூராவும் சுழற்றினார். நூல் சிக்கலாகிப்போனது. சிக்கெடுத்தது நான்.

ஆறாவது வருஷம் ஆகஸ்ட் வந்தது. ஒரு சாடியில் சூரியகாந்திப் பூக்கள். பூ மஞ்சள், சாடி மஞ்சள், பின்னால் சுவரும் மஞ்சள். அண்ணாச்சி ஒரு வாரம் நீலக் கோட்டிலேயே நின்றார்.

அந்த நேரம் பார்த்துத் திருவேங்கடம் ஊர்ப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முப்பது சேலை சொல்லியிருந்தார். சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுக்க, எல்லாம் ஒரே மஞ்சள். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய தறிகளில் ஆறு சேலை நெய்து முடிந்திருந்தது. எடுத்துப் பார்த்தவர் தலையில் கை வைத்தார். ஒவ்வொரு சேலையிலும் எட்டு மஞ்சள் கலந்து கிடந்தது.

“என்ன வே பண்ணி வச்சிருக்கீரு?”

“ஒத்த மஞ்சள்னா அது செத்த மஞ்சள் முதலாளி. மஞ்சளுக்குப் பக்கத்துல மஞ்சள வச்சாத்தான் உசிரு வருது.”

“கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாளு இருக்கு. நாளைக்கு அந்த ஆளு வாராரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா நீரு அந்தக் காலண்டரக் கழட்டிக்கிட்டுக் கிளம்பிரும்.”

இருபது வருஷம் பார்த்த வேலை. அண்ணாச்சிக்கு வேறு தொழில் தெரியாது. மறுநாள் காலையில் ஆறு சேலையையும் நூல் காயப்போடுகிற கொடியில் வரிசையாக விரித்துவிட்டு, வாசலிலேயே நின்றார். என்னிடம் மட்டும், “மேகம் வராம இருந்தாச் சரி” என்றார்.

சம்சாரி வந்தார். முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன இது, சாயம் பிடிக்கலையா?” என்றார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, “ஒரு ஆறடி தள்ளி நில்லும்” என்றார். அவர் தள்ளி நின்றார். அப்புறம் அவராகவே இன்னும் நாலடி போனார். வெயில் நன்றாக விழுந்தது. கண்ணைச் சுருக்கிக் கொடி முழுக்கப் பார்த்தார்.

“என் காட்டுச் சோளம் முத்தி நிக்குத மாதிரி இருக்கு” என்றார் கடைசியில்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

“ஆனா இது வேண்டாம். கல்யாணத்துக்கு வாரவ எவளும் பத்தடி தள்ளி நின்னு சீல பாக்க மாட்டா. மடியில போட்டு, நூலப் பிரிச்சுப் பாப்பா. எனக்கு ஒத்த மஞ்சள்தான் வேணும்.”

அண்ணாச்சி உள்ளே போனார். காலண்டரைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சம்சாரி முதலாளியிடம் திரும்பினார்.

“அவரு எங்க போறாரு?”

“வேற மாஸ்டர வச்சுப் போட்டுத் தாரேன்.”

“வேற ஆளு எதுக்கு? எட்டு மஞ்சள் தெரிஞ்சவருக்கு ஒரு மஞ்சள் போடத் தெரியாதா? அவரே போடட்டும்.”

இப்படிச் சொல்லிவிட்டு, கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி மடித்தார். “இது எங்க வீட்டம்மாவுக்கு. அவளுக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. தூரத்துலதான் தெரியும்.”

காலண்டர் மறுபடி ஆணிக்குப் போனது. அண்ணாச்சி மிச்ச நூலையெல்லாம் திரும்பத் தொட்டியில் போட்டு, ஒரே மஞ்சளாக்கி, நாள் தவறாமல் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாளும் அவர் முகத்தில் துக்க வீட்டுக் களை. மீதி ஐந்து சேலையில் நாலு எங்கே போனது என்று கேட்டால் முதலாளிக்கு இருமல் வந்துவிடும். அவர் வீட்டுப் பெண்கள் அடுத்த தபசுக்கு உடுத்தி வந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாவதை நான் வாங்கி என் மனைவிக்குக் கொடுத்தேன். எத்தனையோ சேலை வந்து போய்விட்டது, அதை மட்டும் இன்னும் அவள் கழித்துக்கட்டவில்லை. நல்ல நாளில் அதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். நான் அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நகர்வேன்.

“எதுக்கு இப்படித் தள்ளித் தள்ளிப் போறிய? எதுலயாவது தட்டி விழப் போறிய” என்பாள்.

விழமாட்டேன். சரியாக ஆறடியில் நின்றுவிடுவேன். தரையில் கோடு இல்லாவிட்டால் என்ன, அண்ணாச்சி போட்ட இடம் என் காலுக்குத் தெரியும்.