பொன்னுலிங்கத்தின் ‘பொறவு பாப்பம்’

எதையும் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடும் ‘பொறவு பாப்பம்’ இனத்தாரை நீங்கள் நிச்சயம் சந்தித்திருப்பீர்கள். சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களைப் போல ஓயாமல் ஓடுகிறவர்கள் கிடையாது. திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து ‘இப்போதே அப்டேட் செய்யவா?’ என்று கேட்கும்போது மட்டும் அவர்களுக்கு நேரமிருக்காது.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பொன்னுலிங்கம் இந்த இனத்தில் முன்வரிசை. கடைக்கு இரட்டை ஷட்டர், நான்கு பூட்டு, வாசலில் கேமரா, அதற்கும் மேலே திருஷ்டிப் பூசணிக்காய்; வாடிக்கையாளரின் பென்டிரைவைக்கூட விசாரித்துத்தான் உள்ளே விடுவார். ஆனால் கடையின் மூன்று கம்ப்யூட்டர்களும் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொது ஃபோல்டரை, வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று இணையத்துக்குத் திறந்து போட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் ரதீஷ் தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணே, அந்த ஃபைல் ஷேரிங்ல பெரிய ஓட்டை. நீங்க ஒண்ணையும் தொடண்டாம், எங்கயோ இருக்கவன் நேரா உள்ள ஏறிருவான். அத அடைக்கத்தான் அப்டேட் வந்திருக்கு. போட்டியளா?”

“கல்யாண சீசன் மக்கா. பொறவு பாப்பம். மூணு கம்ப்யூட்டர்லயும் காப்பி கெடக்குல்லா?”

ஒருவன் உள்ளே ஏறினால் மூன்றும் சேர்ந்தே போகும் என்று இவருக்கு யார் சொல்வது? ரதீஷ் சொன்னான். அதையும் பொறவு பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று திரைகளிலும், படங்களைப் பூட்டிவிட்டதாகச் சொல்லிப் பணம் கேட்டு ஒரே மிரட்டல் கடிதம். ஒரு படமும் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் புதுப்பெண் சபிதாவுக்குக் கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டிய நாள். தாலி கட்டிய பத்தாம் நாள் மாப்பிள்ளை கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டான்; கல்யாணம் என்று அவள் கையில் மிஞ்சியது அந்தப் படங்கள்தான். அவளோ வாசலில் வந்து நிற்கிறாள்.

“நான் ஒண்ணையும் தொடல்லியே!” என்று பொன்னுலிங்கம் நிஜமாகவே அழுதார். தொடாததுதானே குற்றம்?

“கேமரா கார்டு எங்க? அழிச்சிட்டியளா?” என்றான் ரதீஷ்.

“பொறவு அழிக்கலாம்னு...”

மேசை இழுப்பறையில் கிடந்தது கார்டு. படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. “ஆல்பம் மெதுவா தாங்க. படத்த இப்பமே என் போன்ல ஏத்துங்க” என்றாள் சபிதா. ஏற்றி முடிக்கும்வரை அவள் நகரவில்லை.

பொன்னுலிங்கம் என்ன பாடம் கற்றார் என்கிறீர்கள்?

“பாத்தியா மக்கா, கார்ட அன்னைக்கே அழிச்சிருந்தா என்ன கெதி? எதையும் பொறவு பாக்கதுதான் நல்லது.”

ரதீஷ் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிய கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தது. அவர் விரல் தானாகவே போய் அதை மூடியது.

சிரிக்காதீர்கள். இன்று காலை உங்கள் போனிலும் ஒரு பெட்டி எட்டிப் பார்த்ததே, அதில் என்ன எழுதியிருந்தது?