கண் இரண்டையும் விட்டுவிட்டு

சேசு மரி சூசை துணை

பார்க்டேல், ரொரன்ரோ
கார்த்திகைக் கடைசி

என் கல்விக்கண்ணைத் திறக்கப் பாடுபட்டு முடியாமற்போன, மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய வாத்தியார் அவர்களுக்கு, பாசையூர் கஸ்பர் தாழ்மையுடன் சொல்ல, பேத்தி நதீஷா எழுதுவது. இவ்விடம் நாங்கள் குளிரோடு சுகம். உங்கள் பென்சன் ஒழுங்காக வருகிறது என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே அவ்விடம் நீங்களும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது எந்த வருசத்துக் கடிதம் என்று பின்னால் உங்களுக்குச் சந்தேகம் வரத் தேவையில்லை. ஆவணி முடிவில் இங்கிலாந்து இளவரசி பாரிசில் காரோடு அடிபட்டுச் செத்து, என் மருமகள் பேர்ணடெற் ஒரு கிழமையாக ரீவிக்கு முன்னால் இருந்து அழுத வருசம். ஐப்பசியில் இந்த மாகாணத்து வாத்தியார்மார் எல்லோரும் அரசாங்கத்தோடு கோபித்து, வேலைநிறுத்தம் என்று றோட்டுக்கு வந்தார்கள். அவர்கள் உள்ளே போக, இப்போது தபால்காரர்கள் றோட்டில். அதனால்தான் இது தபாலில் வராமல், உங்கள் கொட்டாஞ்சேனைக்கு வருகிற எங்கள் பக்கத்து வீட்டு வேரோனிக்காவின் கைப்பையில் வருகிறது.

வாத்தியார்மார் றோட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்துவிடுகிறது, கண்டீர்களோ. மகனுக்குத் தொழிற்சாலை, பேர்ணடெற்றுக்குக் கோப்பிக்கடை, வீட்டில் மிச்சம் நான்தான். நதீஷா பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் பாட்டில் படிக்கிறவள், அவளைப்பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை, சொன்னாலும் எழுதமாட்டாள். தம்பிக்காரன் ஜெனாட்தான் கதை. எட்டு வயது, இங்கே பிறந்தவன். பேர்ணடெற் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"மாமா, நீங்கள் ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். உவன் படிக்கிறானோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தால் காணும்."

"பிள்ளை, எனக்கு எழுத்துத் தெரியாதே."

"அது உவனுக்குத் தெரியாதுதானே மாமா."

அது அவனுக்கு அன்று பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. நான் கோபப்படவில்லை. ஆசை காட்டிப் படிப்பிக்கிறதுதான் இந்த நாட்டு முறை என்று நதீஷா சொன்னதால், ஒரு பக்கம் வாசித்தால் ஒரு ரொபி இனிப்பு என்று பேசிக்கொண்டோம். சத்தமாக வாசித்தான், ரொபியை வாங்கினான். அடுத்த நாளும் வாசித்தான், வாங்கினான். எனக்கு இங்கிலீசு விளங்காது. ஆனால் என் காது கேட்டதை விடாது. மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன்.

"டேய், உது நேற்றையான் பக்கமெல்லே?"

"நோ அப்பப்பா, இது நியூ பக்கம்."

நான் அந்தப் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சத்தம் பிசகாமல் சொல்லிக்காட்டினேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு ரொபியை என் கையில் வைத்து, "குட் ஜொப், அப்பப்பா" என்றான்.

அதற்குப் பிறகுதான் கண்டிக்க வேண்டும் என்று நினைத்தேன். முழங்காலில் நிற்கவிட்டேன். இங்கே தரை முழுக்கக் காப்பெற், எங்கள் பள்ளிக்கூடத்துக் குறுமணல் இல்லை. முழங்காலில் நின்றபடியே ஒரு முழுக் கார்ட்டூன் பார்த்து முடித்தான். அடிப்போம் என்றால், இந்த வீட்டில் ஒரு பூவரசங்கம்பு உண்டா, ஒரு ஈர்க்குத்தான் உண்டா? கூட்டுகிறதுக்கு இருப்பது ஒரு மெசின். அதைத் தூக்கி யாரை அடிப்பது?

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது, வாத்தியார். பிள்ளை சொல்வழி கேட்காவிட்டால் கொண்டுபோய் வாத்தியார் கையில் ஒப்படைப்பதுதானே எங்கள் முறை. இவனுடைய ரீச்சர் இரண்டு தெரு தள்ளி, கையில் எழுத்து மட்டை அடித்த கம்போடு பள்ளிக்கூட வாசலில் சுற்றிச்சுற்றி நடக்கிறா. கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டி, மேலே மகனுடைய குளிர்க்கோட்டைப் போட்டு, வெறுங்கையோடு போகக்கூடாது என்று பேர்ணடெற் சுட்டு வைத்த வடையை ஐஸ்கிறீம் பெட்டியில் எடுத்துக்கொண்டு, பொடியனைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். நதீஷா கூட வந்தவள்தான். சந்தியில் எங்களைத் தெரியாதவள் மாதிரி மற்றப் பக்கத்துக்கு மாறிவிட்டாள்.

ரீச்சருக்கு முன்னால் இவனை நிறுத்தி, என்னைப் பெற்ற அப்பு உங்களுக்கு முன்னால் என்னை நிறுத்திச் சொன்ன அதே சொல்லைச் சொன்னேன்.

"கண் இரண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ ரீச்சர். ஏனெண்டு கேக்கமாட்டன். சொல்லு தம்பி, இங்கிலீசில சொல்லு."

தன்னை உரிக்கச் சொல்லித் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலைமை அந்தப் பிள்ளைக்கு. உதடு துடிக்கத் துடிக்கச் சொன்னான். ரீச்சர் நெஞ்சில் கை வைத்தா. கண் கலங்கிற்று. நடுறோட்டில் என்னைக் கட்டிப்பிடித்தா. சரி, பொறுப்பெடுத்துவிட்டா என்று நினைத்தேன். வடைப் பெட்டி கைமாறிக் கைமாறிப் போய் வெறும் பெட்டியாகத் திரும்பி வந்தது. பிறகு ரீச்சர் தன்னுடைய கம்பை என் கையில் தந்தா. எங்களுடைய ஊரில் தகப்பன்தான் வாத்தியாருக்குக் கம்பு வெட்டிக் கொடுப்பது. இங்கே வாத்தியார் தருகிறா, நாடு அப்படி என்று எண்ணி, அதைத் தலைக்கு மேலே ஓங்கி, "இனிச் சொல்வழி கேப்பியோ?" என்று கத்தினேன். பொடியன் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். போகிற கார்கள் கோர்ண் அடித்தன. யாரோ படமும் எடுத்தார்கள்.

படம் பேப்பரில் வந்தது. மட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நதீஷா வாசித்துச் சொன்னாள்: "பிள்ளைகளுக்காகத்தான் நிற்கிறோம்." அதைத்தான் ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். பேர்ணடெற் அதை வெட்டிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். "மாமா வடிவாய் வந்திருக்கிறார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். இங்கத்தைக் கோயில் சுவாமியார் பூசையில் என்னை எழும்பச் சொல்லிப் பாராட்டினார். எழும்பினேன். பால் எடுக்கக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் குந்தியிருக்கிற பிள்ளை என் கையோடு வருகிறது. வெட்கத்தில் நான் இப்போது கோப்பியை வெறும் கோப்பியாகத்தான் குடிக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். இவன் போகிறானில்லை. தாய் கேட்டால் வயிற்றுக்குத்து என்கிறான். தாய் போனதும் என் சாரத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பப்பா, மிஸ் என்னை உரிப்பா" என்கிறான். நான் ரொபியைக் கொடுத்து ரீவியைப் போட்டுவிடுகிறேன். வேறு என்ன முகத்தோடு அவனைப் போ என்பேன்? பேர்ணடெற்றிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அந்த நிற்பு எனக்குத் தெரியும், வாத்தியார். நீங்கள் அப்போது புதிதாக வந்தவர், மீசை சரியாக முளைக்கவில்லை. அப்பு ஒரு கோர்வை விளைமீனை உங்கள் மேசைக்காலில் சாத்திவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார். சுவாமியார் சன்னலில் நின்று பார்த்தார். நீங்கள் கம்பை இரண்டு முறை கை மாற்றிப் பிடித்தீர்கள், நான் கண்டேன். அப்பு சொன்னபடியே கண் இரண்டையும் விட்டீர்கள். அந்தக் கண்ணால்தான் வகுப்பு முழுக்க என்னைப் பார்ப்பதை நான் பார்த்தேன். அடி ஆறிவிட்டது. அடுத்த நாள் தோணியில் ஏறினவன், பள்ளிக்கூட ஒழுங்கைக்குள் பிறகு காலே வைக்கவில்லை. இவனும் என்னைப்போல ஆகிவிடுவானோ என்று எனக்கு நித்திரை இல்லை.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு வரி. அது பெரியவர்கள் வாயால் சொல்கிற சொல், அதற்கு அர்த்தம் கிடையாது, வாத்தியார்மார் பிள்ளைகளை உரிக்கமாட்டார்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நதீஷா அவனுக்கு வாசித்துக் காட்டட்டும். உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் அந்தோனியார் துணை நிற்கட்டும். என் தலையில் கை வைத்ததாக நினைத்து என்னையும் ஆசீர்வதியுங்கள்.

உங்களைக் கரைச்சல்படுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பேன்? சொன்ன அப்பு போய்விட்டார். சன்னலில் நின்ற சுவாமியார் போய்விட்டார். வகுப்பில் என் வாங்கில் இருந்த சவிரிமுத்து முல்லைத்தீவுக் கடலோடு போனான். பக்கத்தில் இருந்து அழுத இன்னாசி செல் குண்டு விழுந்து போனான். அன்றைக்கு அந்த வகுப்பில் நின்றவர்களில், என்னை விட்டால், இன்னும் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், அருள்நாயகம் வாத்தியார்.

பி.கு.: சேர், இது நதீஷா. அப்பப்பா என்வலப் தேடப் போயிட்டார், கெதியா எழுதிறன். தம்பிக்குப் பயம் ஒண்டும் இல்லை. நான் மிஸ்ஸிட்டக் கேட்டனான். "என்ர அப்பப்பா சொல்லுறார், உலகத்திலேயே நல்ல ரீச்சர் நீங்கள்தானாம், அதுதான் வடை" எண்டுதான் அவன் இங்கிலீசில சொன்னவன். உதடு துடிச்சது சிரிப்பை அடக்க. தலையைப் பொத்திக் குந்தினதும் அதுக்குத்தான். அழுகிறதைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகிறான், நான் கண்டனான். சொல்லாமல் இருக்க எனக்கும் ரொபியில பங்கு தந்தவன். இண்டைக்கு அம்மாட்டச் சொல்லப்போறன், திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடத்தில.

ஆனபடியால் தம்பிக்கு நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம், சேர். அந்த வரியை அப்பப்பாவுக்கு எழுதுங்கோ. நான் வாசிச்சுக் காட்டிறன்.