பேரன் தலையும் ஒரு கூடை பீச் பழமும்

கோடைக்கானல்,
14-5-1962

கண்ணியத்துக்குரிய மருமகன் ஒலியுல்லா அவர்களுக்கு, கடைத்தெரு சலூன் அப்துல் குத்தூஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு மழையைத் தவிர எல்லாம் சுகம். மலைக்குளிர் ஆகாதென்று பிரசவத்தைக் கன்னிவாடியிலேயே வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. அங்கு நீங்களும், என் மகள் ஜாஹிதாவும், பேரனும், பிரசவம் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட உங்கள் மாமியாரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

நாற்பதாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்க நான் வருவேனா, கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது. தானாக ஆடுகிறது, அவ்வளவுதான். டாக்டர் இது பார்க்கின்சன் என்றார். இந்த ஊரில் எத்தனையோ துரைமாருக்குச் சவரம் செய்திருக்கிறேன், அந்தப் பெயரில் ஒருத்தரும் வந்ததாக ஞாபகம் இல்லை, என்னை ஏன் தேடி வந்தாரோ தெரியவில்லை. தீராது, அடக்கி வைக்கலாம் என்று சொல்லி வெள்ளை மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் நடுக்கம் அடங்குதுங்க மாப்பிள்ளை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாய் காய்ந்துபோய் ஒரு வாய்ச் சோத்துக்கு ஒரு செம்பு தண்ணி கேக்குது. அதுகூடப் போகட்டும், கிட்டத்தில் இருப்பதெல்லாம் மூடுபனிக்குள்ள இருக்க மாதிரி மங்கலாத் தெரியுது. மாத்திரை போட்டால் கை நிக்குது, கண்ணு தெரியலை. போடாவிட்டால் கண்ணு தெரியுது, கை நிக்கலை. சவரக்காரனுக்கு ரெண்டும் ஒரே நேரத்தில் வேணும்னு அந்த டாக்டருக்கு யார் போய்ச் சொல்றது?

பக்கத்துப் பழக்கடை பாவா தாடியை ஒதுக்கிவிடச் சொல்லி உட்கார்ந்தார். கை அசையாமல்தான் நின்னுச்சு. வலது பக்கம் கொஞ்சம் கூடப் போச்சு, அதைச் சரிக்கட்ட இடது பக்கம் எடுத்தேன், அது இன்னும் கூடப் போச்சு, கடைசியில் தாடியை ஒதுக்க உட்கார்ந்த மனுசன் தாடியே இல்லாமல் எழுந்தார். வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் சம்சாரம் இடுக்கு வழியாகப் பார்த்துட்டு, "அவுக கடையில இருக்காக, அங்க போய்ப் பாருங்க"ன்னுச்சாம். மறுநாள் என்னிடம் வந்து, "பாய், சலூனைச் சாத்திட்டு எங்கூடப் பழம் விக்க வாங்க. பழத்துக்குத் தாடி கெடையாது"ன்னார்.

ஏன் கெடையாது, பீச் பழத்துக்கு இருக்கே. பச்சைப் பிள்ளை தலையில் இருக்கும் அதே பூமுடி. அவரிடமே ஒரு கூடை வாங்கி, தினமும் வெள்ளனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வென்னீர் தடவி வழித்துப் பழகுகிறேன். ஒரு பழத்திலும் கீறல் இல்லை. ஆகவே கவலையை விடுங்கள். ஜாஹிதாவுக்கு முதல் முடி எடுத்தது இந்தக் கைதான், தூங்கிக்கொண்டிருந்தவள் கண்ணைக்கூடத் திறக்கலை. நிக்காஹ் அன்று உங்கள் முகத்தை வழித்ததும் இதே கைதான். வேறு எவன் கத்தியும் அந்தத் தலையில் படக் கூடாது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் நடுங்காத கையும் தருவானாக. பேரனுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
அப்துல் குத்தூஸ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பாவா கையில் கொடுத்தனுப்புகிறேன். பழக்கூடையும் கூடவே வருது. வழியில் அடிபட்ட பழம்னு உங்க மாமியாரிடம் சொல்லிருங்க. கீறல் விழாதது ஒண்ணாவது கிடைத்தால் ஜாஹிதாவுக்குக் கொடுக்கலாம்னு நானும் தேடிப் பார்த்தேன். கூடைக்கு அடியில் துணியில் சுற்றியிருப்பது என் கத்தி. தோல்வாரில் தீட்டித்தான் வைத்திருக்கேன். நான் வரலை மாப்பிள்ளை. அங்கேயே நல்ல கையாகப் பார்த்து, அந்தக் கத்தியாலேயே எடுக்கச் சொல்லுங்க. பிள்ளை முழித்ததா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.